எந்தப் பக்கம் நின்று அளந்தேன்

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்பு. எழுதிப் பழக்கமில்லை. பதினெட்டு வருடம் ஜேர்மனியில் எரிவாயுக் கிணறுகளுக்குள் இறங்கும் அளவுக் கருவிகளோடு இருந்தேன். முதலில் அவற்றைக் கழுவினேன். பிறகு பூட்டினேன். பிறகு கிணற்றடிக்கும் கொண்டு போனேன். கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். நான் விட்ட ஒரு பிழையைப் பற்றி எழுதுகிறேன். அதை யாரும் படிப்பித்திருக்க மாட்டார்கள்.

உங்கள் வீட்டில் வேறு யாராவது இதைப் படித்தால் விளங்க வேண்டும். அதற்காகக் கொஞ்சம் சொல்கிறேன். துளையிடும் குழாய் கிலோமீற்றர் கணக்கில் நிலத்துக்குள் போகும். அதன் நுனிக்குச் சற்று மேலே எங்கள் கருவி இருக்கும். துளை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தத் திசையில் போகிறது என்று அது அளக்கும். அளந்ததை மேலே சொல்ல அதற்குக் கம்பி இல்லை. குழாய்க்குள்ளால் எந்த நேரமும் சேறு இறைத்துக்கொண்டிருப்போம். கருவியில் உள்ள சின்ன வால்வு அந்தச் சேற்றைக் கொஞ்சம் நெரிக்கும், விடும். நெரித்தால் மேலே அமுக்கம் ஏறும். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை யாராவது தூரத்தில் மிதித்தால் நுனியைப் பிடித்திருக்கிற கைக்குத் தெரியும். அப்படித்தான் இதுவும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கணினி எண்களாக்கும். ஒவ்வொரு எண்ணும் மெதுவாகத்தான் வரும். அவசரக்காரருக்கு இந்த வேலை சரிவராது.

நான் சேர்ந்தது கழுவுகிற இடத்தில். கிணற்றில் இருந்து திரும்பி வரும் கருவிகளில் சேறு காய்ந்து கல்லாகி இருக்கும். வெந்நீரும் தூரிகையும்தான் என் வேலை. முதல் வருடம் ஒரு வால்வில் மயிர் அளவு கோடு ஒன்றைக் கண்டேன். மணல் அரித்த கோடு. நான் வாயைத் திறக்கவில்லை. படித்த மெக்கானிக்குகள் பார்ப்பார்கள்தானே என்று விட்டுவிட்டேன். அந்தக் கருவி மறுபடி கிணற்றுக்குள் போய் இரண்டாம் நாள் ஊமையாகிவிட்டது. முழுக் குழாயையும் வெளியே இழுத்தார்கள். பட்டறையில் எல்லாரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கழுவுகிறவனிடம் யார் கேட்பார்கள்?

திட்டு வாங்கியிருந்தால் மறந்திருப்பேன். கேட்காமல் விட்டது உறைத்தது. அதற்குப் பிறகு எதைக் கண்டாலும் சோக்கட்டியால் வட்டம் போட்டு வைத்தேன். ஜேர்மன் பேச வராவிட்டாலும் வட்டம் போட வரும். ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு வட்டத்தைத் தேடிப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் என்னைப் பூட்டுகிற மேசைக்கு மாற்றினார்கள். பிறகு கிணற்றடிக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அங்கே போன ஆட்களில் தொழிற்பயிற்சிப் பத்திரம் இல்லாதவன் நான் ஒருவன்தான். அதுவும் ஒரு வருட ஒப்பந்தம். அது முடிகிறபோது நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று பார்ப்பார்கள்.

அந்த வருடம் முடிய நான்கு மாதம் இருக்கும்போது பிழை நடந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்களில் ஒன்று. நவம்பர். ஹனோவருக்கு வடக்கே, உருளைக்கிழங்கு கிண்டி முடிந்த வயல்களுக்கு நடுவே கிணறு. ஒரு பக்கம் பைன் காடு. மற்றப் பக்கம் வெறும் வயல். எங்கள் நிறுவனத்தில் இருந்து இரண்டு பேர் போனோம். ஒன்று நான். மற்றது பவானி. ஈரோட்டுப் பிள்ளை. டார்ம்ஸ்டாட்டில் படித்துவிட்டு வந்த பொறியியலாளர். வயது இருபத்தேழு இருக்கும். கருவிக்கு முழுப் பொறுப்பும் அவருடையது. அப்படித் தனியாகப் பொறுப்பெடுத்த முதல் கிணறு அது.

அவருடைய தமிழ் ஒன்று, என்னுடையது இன்னொன்று. நான் "விளங்குதோ" என்று கேட்டால் அவர் சிரிப்பார். அவர் "டென்ஷன் ஆகாதீங்கண்ணா" என்பார். நான் எப்போது டென்ஷன் ஆனேன் என்று எனக்குத் தெரியாது. கிணற்றடியில் எல்லாரும் ஜேர்மன் பேச, நாங்கள் இரண்டு பேர் ஒரு மூலையில் இப்படிக் கதைத்துக்கொண்டிருப்போம்.

கிணற்றின் திசையைத் திருப்புவது ஒரு ஒல்லாந்துக்காரர். நெடிய ஆள். இருபது வருட அனுபவம். எல்லாருக்கும் மேலே போர்மைஸ்டர். துளையிடுகிற வேலை முழுக்க அவர் சொல்வதுதான். அதிகம் பேச மாட்டார். அவரும் நானும் ஒருவரையொருவர் கண்டால் தலையாட்டுவோம். அதுவே எங்களுக்குப் போதும்.

இடத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பக்கத்தில் ஒரு பழைய கிணறு. எத்தனையோ வருடத்துக்கு முன் தோண்டி, மூடி வைத்தது. மூடிக்குக் கீழே எரிவாயு அமுக்கத்தோடு நின்றது. எங்கள் துளை அதற்குக் கிட்டவாக இறங்கி, பிறகு வலப்பக்கம் திரும்பி விலகிப் போக வேண்டும். திரும்பாமல் அதன் உருக்குக் குழாயில் எங்கள் துளைநுனி போய் முட்டினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். அதை யாரும் சொல்லிக் கதைக்கவில்லை.

இனி நான் செய்த வேலை. கருவி ஒரு தடித்த குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும். அந்தக் குழாயின் வெளியே இரண்டு குறிகள். ஒன்று ஆணி. உள்ளே இருக்கும் கருவியின் மேல்பக்கம் எது என்று அது காட்டும். மற்றது கோடு. கீழே பூட்டுகிற மோட்டரில் ஒரு சிறிய வளைவு உண்டு, அது இந்தக் கோட்டைப் பார்த்து நிற்கும். வளைவு பார்க்கிற பக்கம்தான் துளை திரும்பும். ஆணிக்கும் கோட்டுக்கும் இடையில் எவ்வளவு விலகல் என்று குழாயைச் சுற்றி டேப் வைத்து அளக்க வேண்டும். குழாயின் மேல்முனையில் நின்று கீழ்முனையைப் பார்த்து, மணிக்கூட்டு முள் சுற்றுகிற பக்கமாக அளக்க வேண்டும். அந்த எண்ணைக் கணினியில் போட்டால் கருவிக்கு வலம் எது இடம் எது என்று தெரியும். ஐந்து நிமிட வேலை.

பட்டறையில் இதை நூறு தடவை செய்திருக்கிறேன். அங்கே குழாயின் கீழ்முனை எப்போதும் கதவுப் பக்கம் இருக்கும். எனக்குப் பின்னால் பெரிய யன்னல். வெளிச்சம் முதுகில் படும், குறிகள் வடிவாகத் தெரியும். அளப்பேன், எழுதுவேன், அடுத்தது.

அன்று காலை குழாயைத் தாங்கிகளின் மேல் படுக்க வைத்திருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. காட்டுப் பக்கம் இருட்டு. வயல் பக்கம் வெளிச்சம். நான் யோசிக்கவில்லை. வெளிச்சம் முதுகில் படுகிற மாதிரிப் போய் நின்றேன். குழாய் உருளாமல் நான் நின்ற முனையில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்தேன். பவானி டேப்பின் நுனியை ஆணியில் பிடித்தார். நான் வலப்பக்கமாகச் சுற்றி அளந்து எண்ணைச் சொன்னேன். அவரும் தனியாக ஒரு தடவை அளக்க வேண்டும் என்பது விதி. அவர் என்னைப் பார்த்தார். "நீங்க பாக்காததா அண்ணா" என்றார். மழையில் நனையாமல் தாளைச் சட்டை மறைவில் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

நான் மறுக்கவில்லை. சந்தோசமாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

கருவி இறங்கியது. மத்தியானம் வலப்பக்கம் திருப்பத் தொடங்கினார்கள். ஒரு குழாய் நீளத்துக்குத் துளையிட்டதும் கருவி எண் அனுப்பியது. கொஞ்சம் இடப்பக்கம். ஒல்லாந்துக்காரர் தோளைக் குலுக்கினார். பாறை இழுக்கும், அடுத்ததில் சரியாகும் என்றார். இரண்டாம் குழாய் போனது. எண் வந்தது. இன்னும் இடப்பக்கம்.

அப்போது நாங்கள் எல்லாரும் அளவுக் கருவிகளின் கபினில் இருந்தோம். பவானி கணினிக்கு முன்னால். ஒல்லாந்துக்காரர் அவருக்குப் பின்னால் நின்றார். போர்மைஸ்டர் கதவடியில். நான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு யன்னல் பக்கம். ஒல்லாந்துக்காரர் விளக்கம் சொன்னார். கருவிக்குள் இருப்பது ஒரு திசைகாட்டி. பக்கத்தில் பழைய கிணற்றின் உருக்கு. காந்தம் குழம்பும். திசைகாட்டி பொய் சொல்கிறது. துளை வலப்பக்கம்தான் போகிறது. இந்த இடத்தைத் தாண்டினால் எண் சரியாகிவிடும். இன்னும் ஒரு குழாய் போடுவோம்.

நல்ல விளக்கம். இப்படி நடப்பதும் உண்டு. பவானிக்கும் சரியாகப் பட்டது. போர்மைஸ்டர் தலையாட்டினார்.

நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய்கள் கிடக்கிற தாங்கி தெரிந்தது. அங்கே எங்கள் இரண்டாவது கருவிக் குழாய், மாற்றுக்காகக் கொண்டு போனது, படுத்திருந்தது. அதன் கீழ்முனை வயல் பக்கம். காலையில் நான் அளந்த குழாயும் அதே மாதிரித்தான் கிடந்தது.

கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனேன். மழை. தாங்கியடியில் என் மரக்கட்டை காலையில் வைத்த இடத்திலேயே கிடந்தது. வயல் பக்கம். அப்படியென்றால் நான் நின்றது கீழ்முனையில். கீழே நின்று மேலே பார்த்து அளந்திருக்கிறேன். என் வலது அங்கே இடது. கால் சுற்று என்று வர வேண்டிய எண் முக்கால் சுற்றாகியிருக்கும். அப்படியென்றால் கணினிக்கு வலம் இடமாகவும் இடம் வலமாகவும் தெரியும். நாங்கள் வலப்பக்கம் திருப்புகிறோம் என்று நினைத்து, பழைய கிணற்றை நோக்கித் திருப்பிக்கொண்டிருந்தோம்.

திசைகாட்டி பொய் சொல்லவில்லை. நான்தான் கணினிக்குப் பொய் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

தாங்கியில் இருந்து கபினுக்கு நாற்பது அடி இருக்கும். அந்த நாற்பது அடியில் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. இரண்டு மகள்மார். பத்திரம் இல்லாதவனை இங்கே அனுப்பியது யார் என்று கேட்பார்கள். ஒல்லாந்துக்காரர் சொல்வது சரியாகவும் இருக்கலாம் என்றும் நினைத்தேன். மரக்கட்டையை வேறு யாராவது நகர்த்தியிருக்கலாம். எனக்கு நிச்சயமாகத் தெரியாதுதானே. நிச்சயம் இல்லாமல் ஏன் வாயைத் திறக்க வேண்டும்? இன்னும் ஒரு குழாய் போகட்டும், பார்ப்போம்.

மனம் தனக்கு வேண்டிய நியாயத்தை மிக வேகமாகத் தேடும். உங்களுக்கும் அப்படி வரும். வரும்போது தெரிந்துகொள்ளுங்கள்: நிச்சயம் வரட்டும் என்று காத்திருந்தால், அது வருகிற நேரத்தில் குழாய் முட்டியிருக்கும்.

இன்னொன்றும் நினைத்தேன். தாளில் கையெழுத்து பவானியுடையது. நான் பேசாமல் இருந்தால் பிழை அந்தப் பிள்ளையின் தலையில் விழும். தனியாக எடுத்த முதல் கிணறு. அதற்குப் பிறகு அவருக்கு எவரும் கிணறு கொடுக்க மாட்டார்கள்.

கதவைத் திறந்தேன். அடுத்த குழாயைப் பூட்டி முடித்திருந்தார்கள். பவானியின் பக்கத்தில் குனிந்து தமிழில் சொன்னேன்.

"தங்கச்சி, காலமை நான் பிழையான பக்கம் நிண்டு அளந்திட்டன்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டார். "எப்படித் தெரியும்?"

"முட்டுக்கட்டை வயல் பக்கம் கிடக்குது. நான் கீழ்முனையிலதான் நிண்டிருக்கிறன்."

"ஷ்யூரா?"

"இல்லை. முக்கால்வாசி."

அவர் ஒரு தாளை இழுத்துக் கணக்குப் போட்டார். இரண்டு வரிதான். பிறகு பேனையை வைத்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நான் செக் பண்ணியிருக்கணும்" என்றார்.

"அதைப் பிறகு கதைப்பம். இப்ப நிப்பாட்டச் சொல்லோணும்."

அவர் எழும்ப முன்னமே நான் போர்மைஸ்டரிடம் திரும்பினேன். என் ஜேர்மன் சின்ன ஜேர்மன். அது அன்றைக்கு உதவியது. சுற்றி வளைக்க என்னிடம் சொற்கள் இல்லை. நான் பிழையாக அளந்தேன், வலம் இடம், நிறுத்துங்கள் என்றேன். அவ்வளவுதான்.

ஒல்லாந்துக்காரர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அந்தப் பிழையை யாரும் விட மாட்டார்கள், இது உருக்கின் வேலை என்றார். பிறகு போர்மைஸ்டரைப் பார்த்து, கழுவுகிற ஆள் இப்போது திசைகாட்டியும் பார்க்கிறாரா என்று கேட்டார்.

போர்மைஸ்டர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பிழை விட்டது தான்தான் எண்டு ஒருத்தன் சொல்லுறான். சும்மா சொல்லுவானோ?" என்றார். அவருடைய ஜேர்மனை என் தமிழில் எழுதுகிறேன். பிறகு மேடையோடு பேசுகிற வானொலியை எடுத்து, துளையிடுவதை நிறுத்தச் சொன்னார்.

எவ்வளவு நேரத்தில் நிச்சயமாகத் தெரியும் என்று பவானியிடம் கேட்டார். இருபது நிமிடம் என்றார் பவானி.

இங்கேதான் படிப்பு உதவியது. எனக்குப் பிழை தெரிந்தது. அதை எப்படி நிரூபிப்பது என்று தெரியவில்லை. பவானிக்குத் தெரிந்தது. நேரத்தை மிச்சம் பிடிக்கக் கருவியைச் சுருக்கமான செய்தி அனுப்பச் சொல்லி வைத்திருந்தோம். நீளமான செய்தியில் இன்னொரு எண்ணும் வரும். காந்தம் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று சொல்லும் எண். பக்கத்து உருக்கு குழப்பினால் அந்த எண் மாறியிருக்க வேண்டும். மாறாமல் இருந்தால் திசைகாட்டி உண்மை சொல்கிறது. அப்படியென்றால் பிழை எங்களுடையது.

நீளமான செய்தி அனுப்பு என்று கீழே உள்ள கருவிக்குச் சொல்ல வேண்டும். அதற்கும் கம்பி இல்லை. சேற்றுப் பம்பைக் கணக்காக நிறுத்தி, ஓட்டி, நிறுத்தி, ஓட்ட வேண்டும். கருவி அந்த நிறுத்தங்களை எண்ணி விளங்கிக்கொள்ளும். ஆனால் குழாய் அசையாமல், பம்பும் நின்று நின்று ஓடினால், மண் இறுகிக் குழாய் பிடித்துக்கொள்ளலாம். ஒல்லாந்துக்காரர் அதைச் சொன்னார். அது நியாயமான பயம். இல்லாத பிழையைத் தேடப் போய் இருக்கிற குழாயை இழக்கலாம்.

போர்மைஸ்டர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டார்.

"கருவியைக் கேளுங்கோ" என்றார்.

பம்பு நின்றது. கிணற்றடியில் பம்பு நின்றால் ஒரு அமைதி வரும். காதுக்குள் அடைப்பு விட்ட மாதிரி. பவானி கையில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு விநாடி எண்ணினார். ஓடட்டும் என்றார். நிற்கட்டும் என்றார். ஓடட்டும். போர்மைஸ்டர் ஒவ்வொன்றையும் வானொலியில் திருப்பிச் சொன்னார். பம்புக்காரர் ஒரு தடவை பிந்தினார். முதலில் இருந்து தொடங்க வேண்டி வந்தது. இடையில் மேடையில் உள்ளவர்கள் குழாயை ஒரு அடி தூக்கி இறக்கிப் பார்த்தார்கள். அசைந்தது.

பிறகு காத்திருந்தோம். அமுக்கம் காகிதச் சுருளில் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. நேர்க்கோடு. பிறகு ஒரு ஏற்றம். ஒரு இறக்கம். இரண்டு ஏற்றம். ஆயிரம் மீற்றருக்குக் கீழே இருட்டில் ஒரு வால்வு திறந்து மூடுகிறது. எங்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஒப்பந்தம் தெரியாது, பத்திரம் தெரியாது. கண்டதை அனுப்புகிறது.

சாய்வு வந்தது. திசை வந்தது. மறுபடியும் இடப்பக்கம். கடைசியாகக் காந்தத்தின் எண். பவானி அதை வாய்விட்டு வாசித்தார். சுவரில் ஒட்டியிருந்த தாளில் இந்த இடத்துக்கு வர வேண்டிய எண் இருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தோம். கிட்டத்தட்ட ஒன்றேதான்.

திசைகாட்டி உண்மை சொன்னது.

ஒல்லாந்துக்காரர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தார். எங்களுக்கும் பழைய கிணற்றுக்கும் இடையில் இன்னும் சில மீற்றர் இருந்தது. அடுத்த குழாயும் அதே பக்கம் போயிருந்தால், துளையைச் சீமெந்து போட்டு அடைத்துவிட்டு மேலே இருந்து மறுபடி தொடங்கியிருக்க வேண்டும். அதற்கடுத்ததைப் பற்றி அவர் பேசவில்லை.

இப்போது குழாயை வெளியே எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. கணினியில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். பவானி மாற்றினார். இந்தத் தடவை நானும் பார்த்தேன், ஒல்லாந்துக்காரரும் பார்த்தார். வளைவைத் திருப்பிப் பிடித்துத் துளையிட்டார்கள். அடுத்த எண் வந்தபோது இடப்பக்கம் போவது குறைந்திருந்தது. அதற்கடுத்த எண்ணில் நேராகியிருந்தது. பின்னேரம் மங்குவதற்கு முன் துளை வலப்பக்கம் திரும்பியிருந்தது. பழைய கிணறு பின்னால் போய்க்கொண்டிருந்தது.

ஒல்லாந்துக்காரர் என்னிடம் வந்தார். "நீ எந்தக் கையால சாப்பிடுறனீ?" என்று கேட்டார்.

"வலது."

"அப்ப வலது எது எண்டு தெரியும். நல்லது."

அது அவருடைய மன்னிப்பு. நான் எடுத்துக்கொண்டேன்.

அறிக்கை எழுத வேண்டி வந்தபோதுதான் பவானியும் நானும் சண்டை பிடித்தோம். பிழைக்குக் காரணம் யார் என்று ஒரு இடம் இருக்கிறது. அவர் தன் பெயரை எழுதினார். நான் வெட்டச் சொன்னேன்.

"கையெழுத்து என்னோடதுண்ணா."

"டேப் பிடிச்சு அளந்தது நான்."

"நான் அளந்து பாத்திருந்தா இது வந்திருக்கவே வந்திருக்காது. மழைக்கும், உங்க மேல இருந்த மரியாதைக்கும் நான் செக்கிங்கை விட்டுட்டேன்."

"அந்த மரியாதையை நான் வாங்கியிருக்கப்படாது. அதுதான் என்ர பிழை."

அவருக்கு அழுகை வந்தது என்று நினைக்கிறேன். வெளியே காட்டவில்லை. போர்மைஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. ஆனால் விளங்கிக்கொண்டார். அந்த இடத்தில் இரண்டு வரி இருக்கிறது, இரண்டு பெயர் எழுதலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதினோம்.

இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். வயதில் மூத்தவர் அளந்தால் திருப்பி அளப்பது அவமரியாதை என்று நினைப்போம். மூத்தவரும் அப்படித்தான் நினைப்பார். திருப்பி அளந்தால் முகம் சுருங்கும். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் அதை வைத்துக்கொள்ளுங்கள். குழாயடியில் வேண்டாம். "அண்ணை, தள்ளுங்கோ, நானும் ஒருக்காப் பாக்கிறன்" என்று சொல்லுங்கள். அண்ணை தள்ள வேண்டும். அக்கா என்றாலும் தள்ள வேண்டும்.

பட்டறைக்குத் திரும்பியதும் பொறுப்பாளர் கூப்பிட்டார். நான் போக முன்பு அலுமாரியில் இருந்த என் சாமான்களைப் பையில் போட்டு வைத்தேன். எப்படியும் போகச் சொல்வார், பிறகு எல்லாருக்கும் முன்னால் பொறுக்கிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. எப்படி நின்றாய் என்று கேட்டார். மேசைக்குக் கூட்டிக்கொண்டு போய் நிற்கச் சொன்னார். காட்டினேன். வெளிச்சம் முதுகில், கீழ்முனை கதவுப் பக்கம். பிறகு இரண்டு பேரைக் கூப்பிட்டு மேசையில் இருந்த குழாயைத் தலைமாற்றிப் போடச் சொன்னார். கீழ்முனை யன்னல் பக்கம். பட்டறையில் இருந்த ஐந்து மெக்கானிக்குகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். எல்லாரும் பத்திரம் உள்ளவர்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

மூன்று பேர் நான் நின்ற மாதிரியே நின்றார்கள். யன்னலுக்கு முதுகைக் காட்டி.

நான்காவது ஆள் அளக்கப் போய், பாதியில் நின்று, குழாயைச் சுற்றி நடந்து மற்றப் பக்கம் போனார். ஐந்தாவது ஆள் மற்றவர்களின் முகத்தைப் பார்த்து விசயத்தைப் பிடித்துக்கொண்டார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான்கு நாளைக்குப் பிறகு முதல் சிரிப்பு.

அன்றில் இருந்து பட்டறையில் குழாய் ஒரு கிழமை இந்தப் பக்கமும் மறு கிழமை அந்தப் பக்கமுமாகத் தலைமாறிக் கிடக்கும். நீங்கள் வந்த முதல் நாளே ஏன் இப்படி என்று யோசித்திருப்பீர்கள். இடம் போதாமல் இல்லை. கைக்குப் பழக்கம் வந்துவிடக் கூடாது என்றுதான். பழகிய கை வேகமாக வேலை செய்யும். ஆனால் அந்தக் கை யோசிப்பதை நிறுத்திவிடும்.

பையில் போட்ட சாமான்களை மறுபடி அலுமாரியில் வைத்தேன். ஒப்பந்தத்தைப் பற்றிப் பொறுப்பாளர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மார்ச்சில் கடிதம் வந்தது. நிரந்தரம். மனைவி இரண்டு தடவை வாசித்தா. நான் ஒரு தடவை.

பவானிக்கும் அடுத்த கிணறு கொடுத்தார்கள். யாரோடு போகிறீர்கள் என்று கேட்டதற்கு என் பெயரைச் சொன்னாராம். ஏன் என்று நான் கேட்டேன். "உங்களுக்குத் தப்பு பண்ணவும் தெரியும், சொல்லவும் தெரியும். மத்தவங்களுக்கு ரெண்டாவது தெரியுமான்னு எனக்குத் தெரியாதே" என்றார். ஈரோட்டுக் கதை. பாராட்டா நக்கலா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அந்தக் கிணற்றிலும் அதே போர்மைஸ்டர்தான். ஏப்ரல். காலை வெயில். குழாயைத் தாங்கியில் படுக்க வைத்திருந்தார்கள். நான் மேல்முனை எது என்று முதலில் கையால் தொட்டுப் பார்த்தேன். பிறகு நின்றேன். அளந்தேன். எண்ணைச் சொல்லவில்லை, தாளில் எழுதி மடித்தேன். பவானி "தள்ளுங்கண்ணா" என்றார். தள்ளினேன். அவர் தனியாக அளந்து தன் தாளில் எழுதினார்.

போர்மைஸ்டர் மேடையில் இருந்து இறங்கி வந்தார். அது அவருடைய வேலை இல்லை. டேப்பைக் கேட்டு வாங்கினார். குழாயைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். முழங்காலைச் சேற்றில் ஊன்றி அளந்தார். எழுதத் தாள் இல்லை. சட்டைப் பையில் இருந்து பேனையை எடுத்து உள்ளங்கையில் எழுதி, கையை மூடிக்கொண்டார்.

"சரி, காட்டுங்கோ."

நான் தாளை விரித்தேன். பவானி விரித்தார். அவர் கையை விரித்தார்.

மூன்றும் ஒன்று.

போர்மைஸ்டர் எங்கள் இரண்டு பேருக்கும் தலையாட்டினார். பிறகு திரும்பி, குழாயைத் தூக்கும்படி கிரேன்காரருக்குக் கையை உயர்த்திக் காட்டினார். எண் எழுதியிருந்த அதே கை.